வேலைக்குச் சாட்சி சொல்பவர் யார்?

சாமான் விற்பவருக்கு அவரது சாமானே சாட்சி. புடைவைக் கடைக்கு வருபவர் துணியை விரலால் உரசிப் பார்க்கின்றார். அரிசி வாங்குபவர் ஒரு பிடியைக் கையில் எடுத்து நாலு மணியை வாயில் போட்டுப் பார்க்கின்றார். பேருவளை சீனன்கோட்டையில் கல் வாங்குபவர் அதனை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றார். சேவை விற்பவரிடம் அவ்வாறு தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. வயரிங் வேலை சரியா பிழையா என்பது சுவர் பூசி, வீட்டுக்கு ஆட்கள் குடிவந்த பிறகே தெரியும். கணக்கு எழுதியவரின் தரம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வரும் நாளில் தெரியும். வாங்குபவர் வேலை முடியும் முன்னரே, பல வேளைகளில் முற்பணமும் கொடுத்து, ஆளை நம்ப வேண்டியுள்ளது. அந்த நம்பிக்கையை அவர், ஏற்கனவே அந்த ஆளிடம் வேலை செய்வித்த இன்னொருவரின் வாயிலிருந்துதான் எடுக்க முடியும்.

எமது சமூகத்தில் கடை வைக்காமல் கைத்திறமையை மட்டும் மூலதனமாகக் கொண்டு தொழில் தொடங்குவோர் இப்போது பெருகியுள்ளனர். வளைகுடாவில் பல வருடம் ஏசி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், வீட்டிலிருந்தே கணினியில் கணக்கு எழுதுபவர், விளம்பர வடிவமைப்புச் செய்பவர், மொழிபெயர்ப்பவர், தையல் வேலை எடுக்கும் சகோதரிகள் எனப் பலர். பிரீலான்ஸ் என்று இதற்குப் பெயர் சொல்கின்றார்கள். நானும் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்பதனால் இவர்களுள் சிலர் என்னிடம் ஆலோசனைக்கு வருவதுண்டு. விசிட்டிங் கார்ட் அடித்தாயிற்று, பேஸ்புக் பக்கமும் திறந்தாயிற்று, வேலை மட்டும் வரவில்லை என்பதே பெரும்பாலும் முறைப்பாடு. "உங்களுக்காகப் பேசுவதற்கு யார் இருக்கின்றார்கள்?" என்று கேட்டால், லெமினேட் செய்யப்பட்ட ஒரு நற்சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள்.

அந்த நற்சான்றிதழில் என்ன இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பாடசாலை அதிபரோ, சமாதான நீதவானோ, பள்ளிவாசல் இமாமோ கொடுத்திருப்பார். இவரைப் பத்து வருடங்களாக எனக்குத் தெரியும், நல்லொழுக்கம் உள்ளவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், இவரது எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கின்றேன் என்று நான்கு வரி. கீழே பெரியதொரு முத்திரை. உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க இது பயன்படும். ஆனால் தனது கடையின் கடன் கொப்பிகளைத் தூக்கிக் கொடுக்கப் போகும் முதலாளிக்கு, அல்லது தான் வெளியூரில் இருக்கும்போது வீட்டுச் சாவியை ஒரு வயரிங் பாஸிடம் ஒப்படைக்கப் போகும் ஒருவருக்கு, இதில் எதுவுமே இல்லை. கொடுத்தவர் நல்ல மனிதர், வாங்கியவரும் நல்ல பிள்ளை. இருவருக்கும் இடையில் வேலை எதுவும் நடந்ததில்லை.

உமர் (ரலி) கேட்ட மூன்று கேள்விகள்

இமாம் பைஹகீ பதிவு செய்துள்ள ஒரு சம்பவம் இவ்விடத்தில் பொருத்தமானது. கலீபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். அவரைத் தமக்குத் தெரியாது என்றும், தெரிந்த ஒருவரை அழைத்து வருமாறும் உமர் (ரலி) கூறினார்கள். அங்கிருந்த ஒருவர், தமக்கு அவரைத் தெரியும், நேர்மையானவர் என்றார். உடனே உமர் (ரலி) மூன்று விடயங்களைக் கேட்டார்கள். அவரது இரவு பகல், போக்கு வரவு தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர்? தீனாரிலும் திர்ஹமிலும் அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றீரா? அவருடன் பிரயாணம் செய்திருக்கின்றீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியாயின் அவரை உமக்குத் தெரியாது என்று உமர் (ரலி) முடித்துவிட்டார்கள். பள்ளிவாசலில் அவர் தொழுவதைப் பார்த்திருப்பீர் போலும் என்று அவர்கள் கூறியதாக மற்றோர் அறிவிப்பும் உண்டு.

சேவைத் தொழில் தொடங்கும் ஒருவர் யாரிடம் நற்சான்று கேட்க வேண்டும் என்பதற்கு இந்த மூன்று கேள்விகளே போதுமான அளவுகோல். காசு கொடுத்து வாங்கியவர், பல நாள் கூடவே நின்று வேலையைப் பார்த்தவர், வேலை முடிந்த பின்னரும் அதனுடனேயே குடியிருப்பவர். இவர்களுள் எவருமில்லாமல் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேரின் கையெழுத்து இருந்தாலும் அது மரியாதைக் கடிதமே.

கதீஜா (ரலி) அவர்கள் தமது சரக்குகளை நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பிய வரலாற்றை நாம் அடிக்கடி மேடைகளில் கேட்கின்றோம். அதில் மைஸராவின் பங்கினை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நபியவர்களுக்கு அல்அமீன் என்ற நற்பெயர் மக்காவில் ஏற்கனவே இருந்தது. அந்த நற்பெயர்தான் முதல் வாய்ப்பைப் பெற்றுக் கொடுத்தது. ஆயினும் கூடவே பிரயாணம் செய்து, விற்றதையும் வாங்கியதையும் கண்ணால் கண்டு, திரும்பி வந்து விபரம் சொன்னவர் கதீஜா (ரலி) அவர்களின் பணியாளரான மைஸரா. ஊரின் பொதுவான நற்பெயர் கதவு வரைக்கும் கொண்டு வந்துவிடும். அதற்கப்பால் மைஸரா போன்ற ஒருவர் தேவை.

அச்சாட்சி இரண்டு விடயங்களைப் பேச வேண்டும். ஸூரத்துல் கஸஸில் (28:26), மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் சொல்லும் பெண், அவர் பலமுள்ளவர், நம்பிக்கையானவர் என்று இரண்டு காரணங்களைச் சொல்கின்றார். அவர் தமது ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டியதை நேரில் கண்டுவிட்டே இதனைச் சொல்கின்றார். ஹதீஸ் கலை அறிஞர்களும் அறிவிப்பாளர் ஒருவரை எடைபோடும்போது அவரது நேர்மையை வேறாகவும், மனனத்தின் துல்லியத்தை வேறாகவும் பார்த்தார்கள். மிகச் சிறந்த வணக்கசாலியாக இருந்தும் ஞாபகசக்தி பலவீனமானவர் என்பதற்காக ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. எமது பாஸ்மாரிடமும் இதே இரண்டும் கேட்கப்படுகின்றன. ஆளுக்கு வேலை தெரியுமா? ஆளை வீட்டுக்குள் விடலாமா?

வேலை தெரியும் என்பதற்கு ஓரளவு அரச சான்றிதழும் பேசும். வளைகுடாவில் வேலை பழகி, கையில் சான்றிதழ் இல்லாமல் வந்தவர்கள் நைட்டா நிறுவனத்தில் தமது அனுபவத்தை மதிப்பீடு செய்வித்து என்.வி.க்யூ. தகைமை பெறலாம் என்பதை இன்னும் பலர் அறியாதிருக்கின்றார்கள். அதனைப் பெறுவது நல்லது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு எந்தத் திணைக்களமும் பதில் தராது. வாடிக்கையாளரே தர வேண்டும்.

முதல் வேலை இலவசமா?

வாடிக்கையாளரே இல்லாத ஒருவர் வாடிக்கையாளரின் சான்றுக்கு எங்கே போவது? இதற்கு வழமையாகச் சொல்லப்படும் புத்தி, முதல் இரண்டு மூன்று பேருக்கு இலவசமாகச் செய்து கொடுத்து, கடிதம் வாங்கிக் கொள்ளுங்கள் என்பதாகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இலவசமாகப் பெற்றவர் குறை காண மாட்டார், கண்டாலும் சொல்ல மாட்டார். தீனார் திர்ஹம் கைமாறாத இடத்தில் உமர் (ரலி) அவர்களின் இரண்டாவது கேள்வி விழுந்துவிடுகின்றது. மேலும், சும்மா கிடைத்த வேலைக்கு நேரம் ஒதுக்க முதலாளிமாருக்கும் மனம் வருவதில்லை. கொப்பியைத் தேடி எடுத்துத் தருவதற்கே ஒரு மாதம் இழுத்தடிப்பார்கள்.

நான் சொல்வது வேறு. வேலையைச் சிறிதாக்குங்கள், விலையைக் குறையுங்கள், ஆனால் காசு வாங்குங்கள். முழுக் கடைக்கும் கணக்கு எழுதுவதாகச் சொல்லாமல், கடன் கொப்பிகளை மட்டும் ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொல்லுங்கள். முழு வீட்டுக்கும் வயரிங் என்று நிற்காமல், பழைய பியூஸ் பெட்டியை மாற்றித் தருவதாகச் சொல்லுங்கள். பில்லில் உண்மையான கூலியை எழுதி, அதன் கீழே கழிவை எழுதி, மிகுதியை வாங்குங்கள். 25,000 ரூபா வேலையை 10,000 ரூபாவுக்குச் செய்தீர்கள் என்பது காகிதத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் வரும்போது, "அவருக்குப் பத்துக்குத்தானே செய்தீங்க தம்பி" என்ற பேச்சு வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

இவ்வாறான முதல் மூன்று பேரும் மச்சானாகவோ சாச்சாவாகவோ இருக்கக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் மகனுக்கு ஆதரவாகத் தந்தை சொல்லும் சாட்சியும், தந்தைக்கு ஆதரவாக மகன் சொல்லும் சாட்சியும் ஏற்கப்படுவதில்லை. அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதல்ல இதன் பொருள். பாசம் குறுக்கே நிற்கும் என்பதே. சகோதரனின் சாட்சி அங்கே ஏற்கப்படும்தான். ஆனால் வியாபாரத்தில் அதனையும் தவிர்ப்பதே புத்தி. ஏனெனில் ஊரில் உறவுமுறை எல்லோருக்கும் தெரியும், கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள்.

வளைகுடாவிலிருந்து வந்தவர்களிடம் பழைய கம்பனியின் கடிதம் இருக்கும். இது பெறுமதியானது, எறிந்துவிட வேண்டாம். ஆயினும் இங்குள்ள வாடிக்கையாளர் அக்கம்பனிக்கு டெலிபோன் எடுத்து விசாரிக்க முடியாது. கடிதத்தை மேலே வைத்து, ஊரில் செய்த ஒரு சிறிய வேலைக்கான கடிதத்தை அதன் கீழே வையுங்கள். வாசிப்பவர் இரண்டாவதைப் பார்த்துவிட்டுத்தான் முதலாவதை நம்புவார்.

கேட்கும் நேரமும் கேட்கும் விதமும்

காசு கைக்கு வரும் முன்னர் நற்சான்று கேட்க வேண்டாம். கேட்டால் அது பேரமாகிவிடும். "கடிதம் தாரேன், காசைக் கொஞ்சம் குறைச்சுக் கொள்ளுங்க" என்று சொல்பவர்களும் இருக்கின்றார்கள். கணக்கு முடிந்து பில்லில் கையெழுத்தான பிறகு, ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்: "நானா, கொஞ்ச நாள் பாருங்க. சரியெண்டு கண்டா எனக்கு ரெண்டு வரி எழுதித் தரணும்." இதற்கு முகம் சுளித்தவரை நான் கண்டதில்லை.

கொஞ்ச நாள் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். கூரை வேலை செய்தவர் முதல் பெருமழை வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். ஏசி பாஸ் ஒரு வெயில் காலத்தைத் தாண்ட வேண்டும். கணக்கு எழுதுபவருக்கு வருட முடிவுக் கணக்கும் வரி விபரத்திரட்டும் போக வேண்டும். கல்யாண வீட்டுக்கு உடுப்புத் தைத்த சகோதரிக்கு மட்டும் மறுநாளே கேட்டுவிடலாம், இரண்டு கிழமை கழிந்தால் மணப்பெண் வீட்டார் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். வேலை தாங்கி நின்ற பிறகு வாங்கிய கடிதத்துக்கும், சாவியைக் கையளித்த அன்றே வாங்கிய கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவமுள்ள முதலாளி திகதியைப் பார்த்தே கண்டுகொள்வார்.

இனி முதலாளியிடம் போய் "ஒரு நற்சான்று வேண்டும்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "நீங்களே எழுதிக் கொண்டு வாங்க தம்பி, நான் சைன் வெச்சுத் தாரேன்." பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு நேரமில்லை, எழுத்துப் பழக்கமும் குறைவு. தம்பியும் வீட்டுக்கு வந்து, தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்வார். இது எனக்கு மனம் ஒப்பாத காரியம். வாசிக்காமலேயே கையெழுத்து வைத்தவர், நாளை யாராவது கேட்டால் என்ன சொல்வார்?

இதற்கு அழகானதொரு வழியை அல்குர்ஆனின் கடன் வசனமே (2:282) காட்டித் தருகின்றது. எழுதுபவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர். கடன் பட்டவர் தன் வாயால் சொல்ல வேண்டும், எழுத்தாளர் அதனை நேர்மையாக எழுத வேண்டும். அதே முறையை இங்கும் கையாளலாம். கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரு கொப்பியுடன் போய், நான்கைந்து கேள்விகளைக் கேளுங்கள். எங்களுக்கு வேலை தரும் முன் உங்களுக்கு என்ன கஷ்டம் இருந்தது? எங்களிடம் தரும்போது எதற்குப் பயந்தீர்கள்? வேலை முடிந்ததும் என்ன மாறியது? எதில் உங்களுக்குத் திருப்தியில்லை? இன்னொரு முறை எங்களிடம் தருவீர்களா? அவர் சொல்வதை அவரது சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்தை வாங்குங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். ஏனெனில் அடுத்த வாடிக்கையாளரும் அதே பயத்துடன்தான் உங்கள் கடிதத்தை வாசிக்கப் போகின்றார்.

அக்குறணைப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி, கணக்கு எழுதும் ஒரு தம்பிக்கு இவ்வாறு கொடுத்த கடிதத்தை நான் பார்த்தேன். அதன் சாரம் இதுதான்: கடையின் கடன் கொப்பிகள் ஆறினையும் கணினியில் ஏற்றுவதற்காக இவரிடம் கொடுத்தோம். மூன்று வாரம் என்றார், நான்கு வாரம் எடுத்தது. காசு கட்டி முடித்தும் பெயர் வெட்டப்படாமல் கிடந்த 17 பேரைக் கண்டுபிடித்துத் தந்தார். அவர்களிடம் நாம் மறுபடியும் கேட்க இருந்தோம். எங்கள் கொப்பியில் யாருக்கு எவ்வளவு கடன் என்ற விபரம் வெளியே போனதாக இன்று வரை கேள்விப்படவில்லை. அடுத்த வருடமும் இவரிடமே கொடுக்க இருக்கின்றோம்.

இந்தக் கடிதத்தில் நல்லவர், வல்லவர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் கட்டி முடித்த கடனை மறுபடியும் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அறிந்த எந்த வியாபாரிக்கும் அந்த 17 என்ற இலக்கம் போதும். வேலைத் திறமைக்கு அது சாட்சி. விபரம் வெளியே போகவில்லை என்பது அமானிதத்துக்குச் சாட்சி. ஒரு வாரம் பிந்தியது என்ற வரியை நீக்கிவிடலாமா என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வரி இருப்பதனால்தான் மற்ற வரிகளை ஆட்கள் நம்புகின்றார்கள். பின்னர் அவரை அழைத்த ஒரு மொத்த வியாபாரி முதல் கேள்வியாக, "எனக்கும் ஒரு வாரம் பிந்துமா?" என்று சிரித்துக் கொண்டே கேட்டிருக்கின்றார். வேலை கிடைத்தது.

இமாம் இப்னு அபீ ஹாதிம் (ஹி. 327இல் மரணம்) போன்றோர் அறிவிப்பாளர்களைப் பற்றிய பாராட்டுச் சொற்களைப் படித்தரங்களாக வகுத்து வைத்தார்கள். நம்பகமானவர் என்பது ஒரு தரம், உண்மையாளர், குறையில்லை என்பது அதற்கு அடுத்த தரம். எல்லோருக்கும் உச்சச் சொல்லையே கொடுத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருந்திருக்காது. இன்று இணையத்தில் எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம் கிடைப்பதைப் பார்க்கும்போது இது எனக்கு ஞாபகம் வருவதுண்டு. முகத்துக்கு முன்னால் ஒருவரை அளவுகடந்து புகழ்ந்தவரிடம், உமது தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும், புகழ்ந்தேயாக வேண்டுமெனில் அவரை இவ்வாறு நினைக்கின்றேன் என்று மட்டும் சொல்லுமாறு வழிகாட்டியதும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளன. "எனக்குச் செய்த வேலையில் நான் கண்டது இது" என்று தொடங்கும் கடிதம் மார்க்கத்துக்கும் பொருந்தும், வியாபாரத்துக்கும் பொருந்தும்.

பெயர் போடாத சாட்சி

வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் நன்றிச் செய்தியும் குரல் பதிவும் இப்போது இலகுவாகக் கிடைக்கும் சான்றுகள். ஆனால் அவை உங்களுக்கு அனுப்பப்பட்டவையே தவிர ஊருக்கு அனுப்பப்பட்டவை அல்ல. பேஸ்புக்கில் போட முன்னர், எந்தப் பகுதியை, எந்தப் பெயரில் போடப் போகின்றீர்கள் என்று எழுத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். கணக்கு எழுதுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கடையின் கணக்கை நீங்கள்தான் எழுதுகின்றீர்கள் என்பதே அக்கடைக்காரர் வெளியே தெரிய விரும்பாத விடயமாக இருக்கலாம்.

பெயரே இல்லாமல் "கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர்" என்று போடலாமா? இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ஹி. 643இல் மரணம்) இதற்கொப்பான ஒன்றைப் பேசியிருக்கின்றார். நம்பகமான ஒருவர் எனக்கு அறிவித்தார் என்று பெயர் சொல்லாமல் கூறினால் அது போதாது. ஏனெனில் சொல்பவருக்கு நம்பகமாகத் தோன்றிய அதே ஆளிடம் மற்றவர்கள் குறை கண்டிருக்கலாம், பெயர் தெரிந்தால்தான் விசாரிக்க முடியும். வியாபாரத்திலும் இதுவே நியாயம். பெயரில்லாத புகழ்ச்சியை நீங்களே எழுதிக் கொண்டீர்களா என்ற சந்தேகம் வராமல் போகாது.

ஆனால் வீட்டிலிருந்து தைக்கும் சகோதரிகளின் நிலை வேறு. அவர்களது வாடிக்கையாளர்கள் பெண்கள். தமது பெயரும் படமும் இலக்கமும் பொதுவில் போவதை அவர்கள் விரும்புவதில்லை, அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டும். இதற்கு நான் கண்ட நல்ல ஏற்பாடு, பகிரங்கத்தில் ஊரின் பெயரை மட்டும் போட்டு, முழுப் பெயருள்ள மூலக் கடிதத்தை ஒரு கோப்பில் வைத்திருப்பதாகும். விசாரிக்க விரும்பும் பெண் வாடிக்கையாளர் நேரில் வந்தால், கடிதம் தந்தவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் இருவரையும் பேச வைக்கலாம். சுற்றுவழிதான். ஆனாலும் ஒரு மணப்பெண்ணின் உடுப்பு வேலைக்கு இந்தச் சுற்றுவழியை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை.

சொந்தமாக எழுதிக் கொள்ளும் சான்று, கூட்டாளியிடம் சொல்லிப் போடுவிக்கும் சான்று, காசு கொடுத்து வாங்கும் நட்சத்திரம் ஆகியவை பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்த ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்தில் நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்புகளையும் தடை செய்கின்றது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். போலி மதிப்புரைகளையும், புகழ்ந்து எழுதுவதற்காகக் காசு கொடுப்பதையும் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் போலி மதிப்புரைகளுக்கு எதிரான சட்டம் 2025 ஏப்ரலிலிருந்து அமுலில் உள்ளது. அப்வேர்க் போன்ற தளங்களில் வேலை முடிந்து 14 நாட்களுக்குள் இரு தரப்பும் மற்றவரைப் பற்றி எழுதலாம், இருவரும் எழுதி முடிக்கும் வரை அல்லது அக்காலம் முடியும் வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. முகம் பார்த்து எழுதுவதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது.

சாட்சி சொல்லப் போகும் முதலாளிமாருக்கு

இப்பகுதியை வாசிப்போரில் பெரும்பாலானோர் கடிதம் கேட்பவர்களாக இருக்க மாட்டார்கள், கொடுப்பவர்களாகவே இருப்பார்கள். மேலே சொன்ன கடன் வசனம், அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கக் கூடாது என்கின்றது. சாட்சிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றும் அதே வசனம் சொல்கின்றது. முதலாவது உங்களுக்குரியது. இரண்டாவது அந்தத் தம்பிமாருக்குரியது. உங்கள் இலக்கத்தை விளம்பரத்தில் போட அவர்களுக்கு உரிமையில்லை. யாருக்காவது கொடுப்பதாயின், இன்னார் உங்களை அழைப்பார் என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒருவர் உங்களை அழைத்து, "அந்தப் பொடியனிடம் வேலை கொடுக்கலாமா ஹாஜியார்?" என்று கேட்கும்போது, வேலை அவ்வளவு திருப்தியில்லாமல் இருந்தால் என்ன செய்வது? புறம் பேசுவதாகிவிடுமோ என்று பயந்து, "நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வதையே நாம் செய்கின்றோம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரிடம் செல்வமில்லை, மற்றவர் தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்ற கருத்தில் நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னதை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கின்றார். ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வது விதிவிலக்கு என இமாம் நவவீ உள்ளிட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஆனால் ஹதீஸ் கலையில் குறை சொல்பவர் காரணத்தை விளக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. "ஆள் சரியில்லை" என்று மட்டும் சொல்லி ஒரு வாலிபனின் தொழிலை முடித்துவிடக் கூடாது. "வயரிங் நல்லது, ஆனால் சொன்ன நாளுக்கு வரமாட்டார், இரண்டு தடவை ஆளனுப்ப வேண்டியிருந்தது" என்று சொல்லலாம். கேட்பவர் அவசரமில்லாதவராயின் அதே ஆளிடம் கொடுப்பார், அந்த ஆளுக்கும் அடுத்த முறை நேரம் பற்றி யோசனை வரும்.

கடிதம் கொடுத்தால் அதன் பிரதியொன்றை உங்கள் பில் கோப்பில் அந்த வேலையின் பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது அழைத்து விசாரிக்கும்போது, அன்று என்ன கண்டீர்கள், என்ன எழுதினீர்கள் என்பதைப் பார்த்துச் சொல்லலாம். அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதம் மாறியிருந்தால், அந்தத் திகதி வரைக்கும்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.